ஐரோப்பா டிரேட்மார்க்: கூட்டுப் பட்டாவா, தனிப் பட்டாவா?

ஜெர்மன்ல ‘மாட்ராட்ஸன்’னா மெத்தை, அவ்வளவுதான். ஜெர்மனியில போய் மெத்தைக்கு அந்தப் பேரை வச்சு, இது எனக்கு மட்டும்தான் சொந்தம்னு கேட்டா சிரிச்சுட்டு அனுப்பிடுவாங்க, நம்மூர்ல இட்லிக்கு ‘இட்லி’ன்னு டிரேட்மார்க் கேக்குற மாதிரி. ஆனா அதே வார்த்தையை அதே கட்டில் மெத்தை வகையறாவுக்கு ஸ்பெயின்ல பதிஞ்சு வச்சிருந்தாங்க, ஏன்னா ஸ்பெயின்காரங்களுக்கு அது வெறும் வெளிநாட்டு சத்தம், அர்த்தம் எதுவும் தெரியாது. கதை இதுக்கப்புறம்தான். ‘மாட்ராட்ஸன் மார்க்ட் கான்கார்ட்’னு ஒரு லோகோவை மாட்ராட்ஸன் கான்கார்டுங்குற ஜெர்மன் கம்பெனி மொத்த ஐரோப்பிய யூனியனுக்கும் சேத்துப் பதியலாம்னு போச்சு, அந்த ஸ்பெயின் பதிவை கையில வச்சிருந்த ஹூக்லாங்குற கம்பெனி வந்து ஆட்சேபணை போட்டுச்சு, ஸ்பெயின்ல வாங்குறவன் குழம்பிடுவான்னு சொல்லி விண்ணப்பத்தை மறுத்தாங்க, 2002ல லக்சம்பர்க்ல இருக்குற ஐரோப்பிய யூனியன் கோர்ட்டும் அதை சரின்னு சொல்லிடுச்சு, 2004ல மேல போட்ட அப்பீலும் நிக்கல. ஒரே ஒரு நாட்டுல ஒரே ஒரு பதிவு. அத்தனை நாட்டு விண்ணப்பமும் கவுந்துச்சு.

கான்கார்ட்காரங்க சும்மா விடல, ஸ்பெயின்லயே கேஸ் போட்டு அந்தப் பதிவையே ரத்து பண்ணுங்கன்னு கேட்டாங்க. விஷயம் பார்சிலோனா கோர்ட்டுல இருந்து மறுபடியும் லக்சம்பர்க் போச்சு. 2006ல வந்த பதில், ஒரு வார்த்தை பக்கத்து நாட்டு மொழியில பொருளோட பேராவே இருக்கலாம், ஆனா இந்த நாட்டுல அதை வாங்குறவங்க விக்குறவங்களுக்கு அந்த அர்த்தம் தெரியாதுன்னா இங்க பதியறதுக்குத் தடையில்லைங்குறது. முதல் தடவை படிச்சப்போ எனக்கு அநியாயமா தோணுச்சு, ரெண்டாவது தடவை படிச்சப்போதான் இந்த சிஸ்டமே இப்படித்தான் கட்டியிருக்காங்கன்னு புரிஞ்சுச்சு.

திருப்பூர்ல குழந்தைங்க துணி தைச்சு அனுப்புற என் ஃப்ரெண்டு கொஞ்ச நாள் முன்னாடி கூப்பிட்டு, “மாப்ள, இத்தனை வருஷம் அடுத்தவன் லேபிளை ஒட்டி அனுப்பிட்டு இருந்தேன், இப்ப சொந்த பிராண்டுல நெதர்லாந்து, ஜெர்மனி ரெண்டு பக்கமும் ஆர்டர் வந்திருக்கு, ஐரோப்பா பூரா ஒரே டிரேட்மார்க்கா போட்டுடலாமாமே, 850 யூரோதானாமே, போட்டுடவா?”ன்னு கேட்டான். போடலாம்டா, ஆனா அது கூட்டுப் பட்டான்னு தெரிஞ்சு போடுன்னேன். நிலம் வாங்கி அலைஞ்சவன்ங்குறதால டக்குன்னு புரிஞ்சுக்கிட்டான். தனிப் பட்டான்னா உன் சர்வே நம்பர், உன் பேரு, பக்கத்துக் காட்டுக்காரன் சண்டை உன்னை ஒண்ணும் பண்ணாது. கூட்டுப் பட்டாவுல பங்காளி ஒருத்தன் முறுக்கிக்கிட்டாலும் மொத்தமும் நிக்கும், இங்க பங்காளி 27 பேரு. சட்டமே அப்படித்தான் சொல்லுது, குடுத்தா 27க்கும் சேத்துக் குடுப்பாங்க, விக்கிறதா இருந்தா 27க்கும் சேத்து விக்கணும், ரத்துன்னா 27லயும் ரத்து. ஸ்பெயினை மட்டும் கழிச்சுட்டு மிச்சத்தைக் குடுங்க சார்னு கேக்க வழியே கிடையாது.

முதல்ல ஐரோப்பான்னா எதுங்குறதுலயே பாதிப் பேர் தப்பு பண்றாங்க. இந்த 27 வந்து ஐரோப்பிய யூனியன் நாடுங்க மட்டும். சுவிட்சர்லாந்து இதுல இல்ல, நார்வே இல்ல, துருக்கி இல்ல, செர்பியா இல்ல, பிரெக்சிட்டுக்கு அப்புறம் பிரிட்டனும் இல்ல. இதுல நம்ம ஆளுங்களுக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கு. மசாலாப் பொடி, அப்பளம், புடவைன்னு தமிழர்களுக்கு விக்கிறதை நம்பி ஐரோப்பா போற யாவாரிக்கு முக்கியமான ஊருங்க எதுன்னு பாத்தா லண்டன், சூரிக், ஆஸ்லோ, பாரிஸ்னு போகும், ஈழத்தமிழர் நிறைய குடியிருக்குற அந்த லிஸ்ட்ல முதல் மூணும் இந்தப் பட்டாவுக்கு வெளிய. பிரான்ஸ், ஜெர்மனி, டென்மார்க் உள்ள. அப்ப 850 யூரோ கட்டிட்டு ஐரோப்பாவே நம்ம கையிலன்னு நினைச்சா, கடை இருக்குற தெருவை விட்டுட்டு ஊரைச் சுத்தி வேலி போட்ட கதைதான்.

இப்ப வழிங்க என்னன்னு பாப்போம். ஒண்ணு, நாடு நாடா தனித்தனியா போடுறது, ஜெர்மனிக்கு மியூனிக்ல இருக்குற ஆபீஸ், பிரான்ஸுக்கு ஐஎன்பிஐன்னு ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு ஆபீஸ் இருக்கு. இதுல ஒரு சின்ன விதிவிலக்கு, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் மூணுக்கும் தனித்தனி டிரேட்மார்க்கே கிடையாது, பெனலக்ஸ்னு மூணுக்கும் சேத்து ஒரே பதிவு, ஆபீஸ் ஹேக் நகரத்துல. ரெண்டாவது வழி, 27க்கும் சேத்து ஐரோப்பிய யூனியன் டிரேட்மார்க். மூணாவது மேட்ரிட் வழி, அது தனி உரிமை இல்ல, இந்தியாவுல இருந்தே ஒரு அப்ளிகேஷன் போட்டு மேல சொன்ன ரெண்டையும் பிடிக்கிற ஒரு குழாய் மாதிரி, அதை அப்புறம் பாப்போம்.

யூனியன் டிரேட்மார்க்கைக் குடுக்குற ஆபீஸ் பேரு ஈயூஐபிஓ, இருக்குறது பிரஸ்ஸல்ஸ்ல இல்ல, ஸ்பெயின்ல அலிகாண்டேன்னு ஒரு கடற்கரை ஊர்ல. 1993ல ஐரோப்பியத் தலைவருங்க உக்காந்து எந்த ஆபீஸ் எந்த நாட்டுக்குன்னு பிரிச்சப்போ இது ஸ்பெயின் பங்குக்குப் போச்சு, 1996ல விண்ணப்பம் வாங்க ஆரம்பிச்சாங்க. அப்ப பேரு ஓஹிம், 2016 மார்ச்ல பேரை மாத்தி, ஃபீஸ் முறையையும் சேத்து மாத்தினாங்க. பழைய முறையில ஆன்லைன்ல 900 யூரோ கட்டினா மூணு வகுப்பு வரைக்கும் உள்ள வரும், அதனால சோப்பு விக்கிறவனும் சும்மா கிடக்கட்டும்னு துணியையும் பையையும் சேத்து எழுதி வச்சான், ரெஜிஸ்டர் பூரா குப்பை சேந்துச்சு. இப்ப ஒரு வகுப்புக்கு 850, ரெண்டாவதுக்கு 50, மூணாவதுல இருந்து ஒவ்வொண்ணுக்கும் 150. பழைய குப்பையில இன்னும் நிறைய உள்ளதான் கிடக்கு, அதுல ஏதோ ஒண்ணு உங்க காலை இடறும்.

வகுப்புன்னா எந்த வகை சரக்குக்கு, எந்த வகை சேவைக்குன்னு பிரிக்கிற நீஸ் வகைப்பாடு, சரக்கு 34, சேவை 11, மொத்தம் 45. துணிமணி 25, படுக்கை விரிப்பு, டவல் எல்லாம் 24, கடை நடத்துறது, ஆன்லைன்ல விக்கிறது 35. மசாலா, அரிசி, காபி, மாவு 30ல வரும், ஊறுகாயும் நெய்யும் 29. என் ஃப்ரெண்டு 24, 25, 35 மூணும் வேணும்னான். டவல் தைக்கிறியாடான்னு கேட்டேன், இல்ல, பின்னாடி தைப்பேன்னான். பின்னாடி தைக்கிறதா இருந்தா அஞ்சு வருஷம் டைம் இருக்கு, அதுக்குள்ள தைக்கலன்னா அந்தப் பகுதியை யாரு வேணா ரத்து பண்ணச் சொல்லி மனு போடலாம், அதைவிட உடனடி ஆபத்து என்னன்னா நீ டவல்னு எழுதினதாலயே ஒரு டவல் கம்பெனிக்காரன் உன் மேல ஆட்சேபணை போட வருவான், துணி மட்டும் எழுதியிருந்தா அவன் உன்னைக் கண்டுக்காமலே விட்டிருக்கலாம்.

ஃபார்ம் நிரப்புறப்போ ரெண்டு மொழி கேக்கும், நிறைய பேர் இதை கவனிக்காம தட்டிட்டுப் போறாங்க. முதல் மொழி யூனியனோட 24 ஆட்சி மொழியில எது வேணாலும் இருக்கலாம், ரெண்டாவது மொழி இங்கிலீஷ், ஃபிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியன், ஸ்பானிஷ் இந்த அஞ்சுல ஒண்ணா இருக்கணும், முதல்ல எழுதினதாவும் இருக்கக் கூடாது. இது எதுக்குன்னா பின்னாடி எவனாவது ஆட்சேபணை போட்டா அவன் அந்த ரெண்டாவது மொழியிலயும் போடலாம். நீங்க முதல் மொழி இங்கிலீஷ், ரெண்டாவது சும்மா ஸ்பானிஷ்னு தட்டிட்டா, ஸ்பானிஷ்ல முப்பது பக்கம் வந்து நிக்கும், மொழிபெயர்ப்புக்கு நீங்கதான் செலவு பண்ணணும். ஏன் அந்த அஞ்சு மொழி மட்டும்னு டச்சு வக்கீலம்மா ஒருத்தர் ரெண்டாவது மொழிக்கும் டச்சுன்னே எழுதி விண்ணப்பம் போட்டு, அது மறுக்கப்பட்டதும் கோர்ட் கோர்ட்டா ஏறினாங்க, 2003ல தோத்தாங்க. மொழிச் சண்டைன்னா நமக்கு மட்டும் சொந்தம்னு நினைச்சுட்டு இருந்தேன்.

தமிழ் எழுத்துல பேர் போடலாமான்னு கேப்பீங்க. போடலாம், ஆனா அங்க அதை வார்த்தையா எடுத்துக்க மாட்டாங்க, படமா எடுத்துக்குவாங்க, லத்தீன், கிரேக்கம், சிரிலிக் தவிர மிச்ச எழுத்தெல்லாம் அவங்களுக்கு ஓவியம்தான். அதனால பேரை இங்கிலீஷ் எழுத்துல வார்த்தை மார்க்காவும், தமிழ் லோகோ வேணும்னா அதைத் தனியாவும் போடுறது நல்லது. பேரோட சத்தத்துக்கு பாதுகாப்பு வார்த்தை மார்க்லதான் கெட்டியா இருக்கும்.

சரி, விண்ணப்பம் போச்சு. அலிகாண்டேல என்ன பாப்பாங்க? இங்கதான் இந்தியாவுல பதிஞ்சு பழகினவங்க ஏமாறுறாங்க. நம்மூர் ரெஜிஸ்ட்ரியில ஏற்கனவே அதே மாதிரி மார்க் இருந்தா பரிசோதகரே தேடிப் பிடிச்சு எழுதிடுவாரு. அலிகாண்டேல அது கிடையாது. அவங்க பாக்குறது ஒண்ணே ஒண்ணு, இந்தப் பேர் தன்னளவுல மார்க்கா இருக்கத் தகுதியானதா, பொருளையே வர்ணிக்குதா, ஏமாத்துதா, ஆபாசமாங்குறது மட்டும். அதையும் 24 மொழியில பாப்பாங்க. ஒரு மொழியில அடி வாங்கினாலும் போச்சு.

பிரெய்ன்லாப்னு மூளை அறுவை சிகிச்சைக்கெல்லாம் கருவி செய்யுற பெரிய ஜெர்மன் கம்பெனி, ‘கர்வ்’னு பேர் வச்சு பதியப் போனாங்க, வளைவுன்னு அர்த்தம், இங்கிலீஷ்ல எவ்வளவு சாதுவான வார்த்தை. ருமேனிய மொழியில அதே எழுத்து அப்படியே, விலைமாதர்ங்குறதுக்கு இருக்குற கொச்சை வார்த்தையோட பன்மை. 2014ல கோர்ட் சொல்லிடுச்சு, ருமேனியாக்காரங்க முகம் சுளிப்பாங்க, அதனால யூனியன் பூராவுக்கும் கிடையாது. வாங்குறவங்க ஆஸ்பத்திரிக்காரங்கதானே, சின்னப் பசங்களா பாக்கப் போறாங்கன்னு நமக்குத் தோணும், அது எடுபடல. நம்ம பேருங்களுக்கும் இந்த ஆபத்து நிறையவே இருக்கு, தமிழ்ல அழகான சாமி பேரு போலிஷ்லயோ ஹங்கேரியன்லயோ என்னவா இருக்கும்னு யாருக்குத் தெரியும், அதனால காசு கட்டுறதுக்கு முன்னாடி அந்த மொழிக்காரங்க நாலு பேர்கிட்ட பேரை வாசிச்சுக் காட்டிடணும்.

இதைவிடப் பெரிய கம்பெனி ஒண்ணு இந்தக் கூட்டுப் பட்டாவுல மாட்டினது நெஸ்லே. நாலு விரல் கிட்கேட் சாக்லேட்டோட வடிவத்தையே மார்க்கா 2006ல வாங்கிட்டாங்க, அடுத்த வருஷமே கேட்பரி ரத்து மனு போட்டுச்சு. வெறும் வடிவம் தன்னால மார்க் ஆகாது, மக்கள் மனசுல இது இந்தக் கம்பெனிதான்னு பதிஞ்சிருக்குன்னு நிரூபிக்கணும். நெஸ்லே பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, ஸ்பெயின், பிரிட்டன்னு பத்து நாட்டுக்கு நிரூபிச்சுது, ஐரோப்பாவோட ஜனத்தொகையில பெரும்பகுதி அதுலயே வந்துடுது. ஆனா பெல்ஜியம், அயர்லாந்து, கிரீஸ், போர்ச்சுகல் மாதிரி சில நாட்டுக்கு சரியான ஆதாரம் இல்ல. 2018ல ஐரோப்பிய கோர்ட் தெளிவா சொல்லிடுச்சு, யூனியன் முழுக்க காட்டணும், பெரும்பகுதியில காட்டினேன்ங்குறது போதாது. நாட்டுக்கு நாடு தனி சர்வே வேணும்னு இல்ல, ஒரே மாதிரி சந்தைங்களை சேத்துக் காட்டலாம், ஆனா எந்த நாட்டையும் ஓட்டையா விடக் கூடாது. நெஸ்லேகிட்ட இல்லாத காசா, அவங்களாலயே முடியல.

பரிசோதனை தாண்டினா பேரைப் பிரசுரிப்பாங்க, அன்னையில இருந்து மூணு மாசம் யாரு வேணா 320 யூரோ கட்டி ஆட்சேபணை போடலாம். யாரு வேணான்னா, யூனியன் மார்க் வச்சிருக்குறவன் மட்டுமில்ல, 27 நாட்டுல ஏதோ ஒரு நாட்டுல மட்டும் பதிவு வச்சிருக்குறவனும். மால்டாவுல ஒரு சின்னத் துணிக்கடை வச்சிருக்குறவர் உங்க 27 நாட்டு விண்ணப்பத்தை நிறுத்த முடியும், மாட்ராட்ஸன் கதை அதேதான். அதனால வில்லங்கம் பாக்காம பத்திரம் போடாதீங்கன்னு சொல்றது இங்க ரெண்டு மடங்கு பொருந்தும். வில்லங்கம் போட்டுப் பாக்க காசு வேண்டாம், டிஎம்வியூன்னு ஒரு இலவசத் தேடல் இருக்கு, யூனியன் பதிவு, நாடு நாடா இருக்குற பதிவு எல்லாம் ஒரே இடத்துல கிடைக்கும். அதுல உங்க பேரை அப்படியே தட்டிப் பாத்துட்டு நிறுத்தக் கூடாது. சத்தம் ஒத்துப் போறது, ஒரு எழுத்து மாறினது, முன்னாடி பின்னாடி வால் ஒட்டினது எல்லாத்தையும் தட்டணும், என் ஃப்ரெண்டோட பேரை அப்படியே போட்டா ஒண்ணும் வரல, ‘கே’யை ‘சி’யா மாத்திப் போட்டதும் போலந்துல ஒண்ணு, இத்தாலியில ரெண்டு, மூணும் துணி வகுப்புல. அவன் அப்புறம் ரொம்ப நேரம் பேசவே இல்ல.

ஆட்சேபணை வந்தா உடனே சண்டைன்னு இல்ல. முதல் ரெண்டு மாசம் பேசித் தீத்துக்கோங்கன்னு விடுவாங்க, ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டா அதை 24 மாசம் வரைக்கும் நீட்டிக்கலாம். பெரும்பாலும் இதுல முடியறது, நான் ஷூ செய்ய மாட்டேன், நீ குழந்தைத் துணி பக்கம் வராதன்னு எழுதிக் கையெழுத்து போடுறதுலதான். எதிராளியோட மார்க் பதிஞ்சு அஞ்சு வருஷம் தாண்டியிருந்தா ஒரு நல்ல ஆயுதம் இருக்கு, நீ இதை உண்மையா உபயோகிக்கிறியா, ஆதாரம் காட்டுன்னு கேக்கலாம். பல பழைய பதிவுங்க இந்தக் கேள்வியிலயே செத்துப் போயிடும். தோத்தவன் ஜெயிச்சவனோட செலவைக் குடுக்கணும், ஆனா ஆபீஸ் நிர்ணயிச்ச தொகைதான், வக்கீல் ஃபீஸுக்கு 300, ஆட்சேபணைக் கட்டணம் 320. உண்மையில வக்கீல் வாங்குறது இதைவிடப் பல மடங்கு.

தோத்துட்டா மொத்தமும் போச்சான்னா, ஒரு பின்வாசல் இருக்கு. மாட்ராட்ஸன் மாதிரி ஒரு நாட்டுக் காரணத்தால யூனியன் விண்ணப்பம் விழுந்தா, 200 யூரோ கட்டி, மூணு மாசத்துக்குள்ள அதைப் பாதிப்பு இல்லாத நாடுங்களுக்குத் தனித்தனி விண்ணப்பமா உடைச்சுக்கலாம், முதல்ல போட்ட தேதி அப்படியே நிக்கும். கூட்டுப் பட்டாவை தனிப் பட்டாவா பிரிக்கிற மாதிரிதான். ஆனா அந்த 200 போக ஒவ்வொரு நாட்டுக்கும் அந்த நாட்டு ஃபீஸ், அந்த நாட்டு வக்கீல், அந்த நாட்டு மொழின்னு போகும், பத்து நாட்டுக்குப் பிரிச்சா முதல்ல மிச்சம் பிடிச்சது எல்லாம் வட்டியோட போயிடும்.

அப்ப தனிப் பட்டாதான் நல்லதான்னா அதுவும் இல்ல. கணக்குப் பாக்கலாம். ஜெர்மனியில ஆன்லைன்ல 290 யூரோவுக்கு மூணு வகுப்பு வரும், பிரான்ஸ்ல முதல் வகுப்பு 190, கூட ஒவ்வொண்ணுக்கும் 40, ஆக மூணு வகுப்புக்கு ரெண்டு நாடும் சேத்து 560. அதே மூணு வகுப்பு யூனியன்ல 1050. ரெண்டு நாட்டுலதான் யாவாரம்னா தனியா போடுறது பாதி விலை, நாலஞ்சு நாடு ஆச்சுன்னா யூனியன் மலிவு, இதுல ஒவ்வொரு நாட்டு வக்கீலுக்கும் தனியா குடுக்குற காசைச் சேத்தா இன்னும் சீக்கிரமே மலிவாயிடும். பத்து வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கிறதும் ஒரே இடத்துல. திருட்டு சரக்கைப் பிடிக்கணும்னா யூனியன் மார்க் தனி பலம், ஒரே விண்ணப்பத்துல பல நாட்டு கஸ்டம்ஸையும் உஷார் படுத்தலாம், யூனியன் மார்க் கோர்ட் ஒண்ணு குடுக்குற தடை உத்தரவு 27 நாட்டுக்கும் ஓடும்னு 2011ல டிஎச்எல்லுக்கும் பிரான்ஸோட க்ரோனோபோஸ்ட்டுக்கும், ரெண்டும் கூரியர் கம்பெனிங்க, நடந்த கேஸ்ல தீர்ப்பே இருக்கு. விழுந்தா மொத்தமா விழும், நின்னா மொத்தமா நிக்கும்.

இப்ப மேட்ரிட். இந்தியா இதுல சேந்தது 2013 ஜூலை 8. நம்ம ரெஜிஸ்ட்ரி வழியாவே ஜெனீவாவுல இருக்குற வைப்போங்குற உலக அறிவுசார் சொத்து அமைப்புக்கு ஒரே அப்ளிகேஷன், அதுல யூனியன் ஒரு டிக், பிரிட்டன் ஒரு டிக், சுவிட்சர்லாந்து ஒரு டிக், நார்வே ஒரு டிக்னு போட்டுட்டே போகலாம், அடிப்படை ஃபீஸ் கறுப்பு வெள்ளை மார்க்குக்கு 653 சுவிஸ் ஃபிராங்க், ஒவ்வொரு டிக்குக்கும் தனிக் காசு. மேல சொன்ன லண்டன், சூரிக், ஆஸ்லோ யாவாரிக்கு இதுதான் கையில கிடைச்ச வழி. ஆனா இதுல தாய்ப் பத்திரம்னு ஒண்ணு இருக்கு. உங்க இந்திய விண்ணப்பமோ பதிவோதான் அந்தத் தாய். முதல் அஞ்சு வருஷத்துக்குள்ள தாய்ப் பத்திரம் செல்லாம போனா, இந்தியாவுல எவனாவது ஆட்சேபணை போட்டு ஜெயிச்சாலோ ரெஜிஸ்ட்ரியே மறுத்தாலோ, ஐரோப்பாவுல வாங்கின அத்தனையும் கூடவே விழும். அப்புறம் மூணு மாசத்துக்குள்ள ஒவ்வொரு நாட்டுலயும் தனி விண்ணப்பமா மாத்திக்கலாம், மறுபடியும் காசு. இந்தியாவுல பேர் இன்னும் பரிசோதனையிலேயே கிடக்குது, எதிர்ப்பு வேற வந்திருக்குன்னா மேட்ரிட் பக்கம் போகாம நேரா அலிகாண்டேல போடுறதுதான் நல்லதுன்னு எனக்குப் படுது.

நேரா போட்டாலும் தேதி நஷ்டம் வராது. இந்தியாவுல முதல்ல போட்ட நாள்ல இருந்து ஆறு மாசத்துக்குள்ள ஐரோப்பாவுல போட்டா, பாரிஸ் ஒப்பந்தப்படி இந்தியத் தேதியையே அங்கயும் கேக்கலாம். இந்தத் தேதி எவ்வளவு முக்கியம்னு இந்தியாவுல இருந்து பாத்தா புரியாது, ஏன்னா இங்க முன்னாடி இருந்தே உபயோகிச்சுட்டு வந்தவனுக்கு, பதியாம இருந்தாலும், ஒரு அனுபவ பாத்தியம் மாதிரி உரிமை இருக்கு. யூனியன் மார்க்ல பதிஞ்சவன்தான் ராஜா, பதியாம வச்சிருந்த பேருக்கு சில நாட்டுல கொஞ்சம் மதிப்பு உண்டு, பல நாட்டுல கிட்டத்தட்ட ஒண்ணுமே இல்ல. கெட்ட எண்ணத்தோட பதிஞ்சான்னு நிரூபிச்சா ரத்து பண்ணலாம், 2012ல போர்ச்சுகல்ல ஒருத்தர் ‘நெய்மார்’னு துணிக்கு விண்ணப்பம் போட்டுப் பதிவும் வாங்கிட்டு, அந்த ஃபுட்பால் வீரரை எனக்குத் தெரியும், ஆனா இவ்வளவு பெரிய ஆளா வருவாருன்னு தெரியாதுன்னு சொல்லி 2019ல கோர்ட்ல தோத்தாரு. நெய்மாரா இருந்ததால ஜெயிக்க முடிஞ்சுது. திருப்பூர் பிராண்டை உங்க டிஸ்ட்ரிபியூட்டரே அவன் பேர்ல பதிஞ்சுட்டா நிரூபிக்கிறதுக்குள்ள ரெண்டு சீசன் போயிடும்.

இன்னொண்ணு, யூனியனும் அதோட ஒட்டின நார்வே, ஐஸ்லாந்து, லிக்டன்ஸ்டைனும் சேந்த அந்த வட்டத்துக்கு வெளிய இருக்குற ஆளு, விண்ணப்பம் மட்டும்தான் தானா போட முடியும், அதுக்கப்புறம் எது பண்ணணும்னாலும் அந்த வட்டத்துக்குள்ள இருக்குற ஒரு பிரதிநிதியை வச்சாகணும். கார்டு தட்டி 850 கட்டிட்டு, ஒரு கேள்விக் கடிதம் வந்ததும்தான் பல பேர் வக்கீலைத் தேடுறாங்க.

பதிவு கைக்கு வந்தாச்சுன்னா உபயோகிக்கணும். எவ்வளவு? 27 நாட்டுலயும் விக்கணுமா? 2012ல ‘ஒனெல்’, ‘ஒமெல்’னு ரெண்டு மார்க்குக்கு நடுவுல வந்த சண்டையில கோர்ட் சொன்னது, நாட்டு எல்லையைப் பாக்காதீங்க, அந்தப் பொருளோட சந்தைக்கு ஏத்த மாதிரி உண்மையான உபயோகமான்னு பாருங்கன்னு. சில சமயம் ஒரு நாட்டு உபயோகமே போதும், சில சமயம் போதாது, எல்லாம் ஆதாரத்தைப் பொறுத்தது. இந்த ஆதாரம் விஷயத்துல மெக்டொனால்ட்ஸே சறுக்கினதுதான் பெரிய வேடிக்கை. அயர்லாந்துல கால்வே பக்கம் 1978ல ஆரம்பிச்ச சூப்பர்மேக்ஸ்ங்குற பர்கர் கடைக்காரங்க, தங்களை வெளிநாட்டுக்கு விரிய விடாம தடுக்குறாங்கன்னு கடுப்பாகி, 2017ல ‘பிக் மேக்’ பதிவையே ரத்து பண்ணச் சொல்லி மனு போட்டாங்க. உலகத்துக்கே தெரிஞ்ச பேருதானேங்குற தெனாவெட்டுல மெக்டொனால்ட்ஸ் குடுத்த ஆதாரத்துல கம்பெனி ஆளுங்களோட பிரமாணப் பத்திரம், வெப்சைட் பிரிண்டவுட், ஒரு விக்கிப்பீடியா பக்கம். 2019ல அலிகாண்டே மொத்தப் பதிவையும் ரத்து பண்ணிடுச்சு. அப்பீல்ல புது ஆதாரம் குடுத்து நிறைய மீட்டாங்க, ஆனா 2024 ஜூன்ல கோர்ட் சிக்கன் சாண்ட்விச் மாதிரி கோழி அயிட்டங்களுக்கும் ரெஸ்டாரன்ட் சேவைக்கும் மட்டும் மறுபடி பிடுங்கிடுச்சு. சிக்கனுக்கு அவங்க காட்டினது 2016ல பிரான்ஸ்ல வந்த போஸ்டர், டிவி விளம்பரம் மாதிரி விஷயங்கதான், எத்தனை வித்துச்சு, என்ன விலை, எவ்வளவு நாள் வித்தாங்க, ஒண்ணும் அதுல இல்ல. திருப்பூர்காரன் ஒரு இன்வாய்ஸ்ல பிராண்டு பேரையும் ஊரையும் தேதியையும் ஒழுங்கா போட்டு வச்சிருந்தா மெக்டொனால்ட்ஸைவிட நல்ல நிலைமையில இருப்பான். பல பேரு இன்வாய்ஸ்ல ‘குழந்தை டி-ஷர்ட், 600 பீஸ்’னு மட்டும் அடிக்கிறாங்க, பேரே இருக்காது.

பிரிட்டன் கதையைச் சொல்லிடுறேன். 2004ல பத்து நாடு யூனியன்ல சேந்தப்போ பழைய மார்க்கெல்லாம் காசில்லாம அந்தப் பத்து நாட்டுக்கும் தானா நீண்டுச்சு. பிரெக்சிட்ல அதுக்கு எதிர்ப்பக்கம், 2021 ஜனவரி 1 அன்னைக்கு அதுவரைக்கும் பதிஞ்சிருந்த ஒவ்வொரு யூனியன் மார்க்குக்கும் பிரிட்டன்ல ஒரு நகல் தானா பிறந்துச்சு, பிரிட்டன் நம்பர்ல 009ன்னு ஆரம்பிக்கும். காசு வாங்கல, சர்டிபிகேட்டும் அனுப்பல, அதனால தன் பேர்ல இப்படி ஒண்ணு இருக்குன்னே பல பேருக்குத் தெரியாது. இதோட புதுப்பித்தல் தனி, உபயோகக் கணக்கும் தனி. 2020 கடைசி வரைக்கும் பாரிஸ்லயோ பெர்லின்லயோ வித்தது அந்த நகலுக்கும் ஆதாரமா நிக்கும், அதுக்கப்புறம் பிரிட்டனுக்குள்ள வித்தா மட்டும்தான் கணக்கு. அஞ்சு வருஷக் கணக்கு 2025 டிசம்பரோட முடிஞ்சுது, பிரிட்டன்ல ஒரு பீஸும் விக்காம சும்மா வச்சிருக்குற நகலுங்களை இனிமே யாரு வேணா ஆட்டலாம்.

என் ஃப்ரெண்டு கடைசியில ஜெர்மனிக்கு ஒண்ணு, பெனலக்ஸுக்கு ஒண்ணு, 25வது வகுப்பு மட்டும்னு போட்டான், போலந்தும் இத்தாலியும் இப்போதைக்கு வேண்டாம்னு விட்டான். போட்டு மூணாவது வாரம் ஒரு கவர் வந்துச்சு, போட்டோ எடுத்து அனுப்பினான். மேல வட்டமா நட்சத்திரம், அவனோட லோகோ அப்படியே, விண்ணப்ப நம்பர் சரி, வகுப்பு சரி, தேதி சரி, கீழ கிட்டத்தட்ட 1500 யூரோ, பத்து நாளைக்குள்ள கட்டணும்னு ஒரு வங்கிக் கணக்கு. “மாப்ள, ஃபீஸ் கட்டியாச்சே, இது எதுக்குடா?” போட்டோவைப் பெருசாக்கிப் பாத்தா அடியில எறும்பு சைஸுல ஒரு வரி, இது எங்கள் தனியார் பட்டியல்ல சேர்றதுக்கான ஒரு சலுகைன்னு. விண்ணப்பம் பிரசுரமானா விலாசம் யாரு வேணா பாக்கலாம், அதை எடுத்து இப்படி அனுப்புறதுக்குன்னே ஆளுங்க இருக்காங்க. அலிகாண்டேல இவன் விண்ணப்பமே போடல, போட்டிருந்தாலும் அந்த ஆபீஸ் தபால்ல பில் அனுப்புறதே இல்லன்னு அவங்களே சொல்லி, இந்த மாதிரி வந்த கடிதங்களோட மாதிரியையும் போட்டு வச்சிருக்காங்க. கிழிச்சுப் போடுன்னேன். கிழிக்கல, ஆபீஸ் கண்ணாடிக்கு அடியில வச்சிருக்கான், அக்கவுண்ட்ஸ் பாக்குற பொண்ணு தெரியாம கட்டிடக் கூடாதாம்.